பெரியம்மாவுக்குப் போன பதில்

பிள்ளைகளே, நேற்று மல்வேர்ன் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு இளைஞர்கள் கதைத்ததை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

"செத்தவீட்டுச் செய்திக்கு மெஷின் நன்றி சொல்லிப்போட்டுதடா," என்றான் ஒருவன்.

தொலைபேசிக்கு வரும் செய்திகளுக்குச் செயற்கை நுண்ணறிவே பதில் எழுதும்படி இணைக்கிற ஒரு கருவி இருக்கிறதாம். அதற்கு வழிகாட்டி எழுதுவது அவன் வேலை.

"எழுதின ஸ்டெப் எல்லாம் சரியோ எண்டு பாக்க என்ர போனையே கனெக்ட் பண்ணினன். கழட்ட மறந்துபோனன். பெரியப்பா மோசம் போயிட்டார் எண்டு பெரியம்மா அனுப்பியிருக்கிறா. உது உடன, 'தகவலுக்கு நன்றி, மீண்டும் சந்திப்போம்' எண்டு போட்டிட்டுது."

"ஐயோ! செத்தவீட்டில போயிட்டு வாறன் எண்டுகூடச் சொல்லமாட்டம். நீ மீண்டும் சந்திப்போம் எண்டிருக்கிறாய்."

"நானில்லையடா, உது!"

"உன்ர பேரிலதானே போனது?"



"பெரியம்மா என்னை வளத்தவ. இப்ப நான் அடிச்சா போன் எடுக்கிறா இல்லை."

"உன்ர கைட்டில இதை எழுதினியோ?"

"கழட்டுற விதம் கடைசிப் பக்கத்தில கிடந்தது. முதல் பக்கத்துக்கு மாத்திப்போட்டன்."

"அது பெரியம்மாவின்ர மனம் ஆறக் காணுமே?"

"காணாது. அதுதான் நேர போறன். என்ன சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

"ஒண்டும் சொல்லாத. போய்ப் பக்கத்தில இரு."

மோர்னிங்சைட் தரிப்பில் இருவரும் இறங்கினார்கள்.

அடுத்த தரிப்பில் நான் இறங்கினேன். பனிக்குள் தனியே நின்று, தொப்பியைக் கழற்றி, முகமறியாத அந்தப் பெரியப்பாவுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னேன்.