கிருத்திகை இரவுகளின் குமிழ்கள்

ஐயா, விசாரணைக்கு வந்தவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், குறை சொல்லவில்லை.

என் பெயர் தம்பிதுரை. தாராபுரத்துக்குத் தெற்கே சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கும் ராடார் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக இரவுப் பணி. ராடார் என்றால் விமானம் பார்ப்பது என்று ஊரில் நினைப்பார்கள். எங்களுடையது வெறும் வானத்தைப் பார்ப்பது. முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேறிய காற்று ஓர் அடுக்காக நிற்கிறது. பூமத்தியரேகைக்குக் கிட்டத்தில் இருக்கும் நம்முடையது போன்ற இடங்களில், பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கின் அடியிலிருந்து குமிழ்கள் கிளம்பும், கொப்பரையில் வெல்லப்பாகு கொதிக்கிற மாதிரி. குமிழ் எழுந்தால் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும். எந்த இரவில் எழும், எந்த இரவில் எழாது என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஆள் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் நிலையம்.

எனக்கு ஒரே ஒரு வழக்கம். கிருத்திகைக்குச் சிவன்மலை ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, காங்கேயத்தில் அக்கா வீட்டில் விரதம் முடித்துப் படுப்பேன். விடுப்பு கேட்டால் மாற்றாளாக மனோஜ்குமார் வருவான். அவன் கை வைத்தால் ஏதாவது ஒன்று புகையும். அதனால் அன்றைக்கு ராடாரை நானே அணைத்துவிட்டுப் போவேன். இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா? காலையில் வந்து, பழைய இரவு ஒன்றின் பதிவை எடுத்து, தேதி மாற்றி, நேரத்தைக் கொஞ்சம் தள்ளி, அந்த இடத்தில் வைத்துவிடுவேன். வைப்பதுதான் வைக்கிறோம், நல்லதாக இருக்கட்டும் என்று ஒரு மார்ச் மாதத்து இரவை எடுத்துக்கொண்டேன். எண்ணூறு கிலோமீட்டர் வரை எழுந்த குமிழ். அவ்வளவு அழகு.

இப்படிப் பதினான்கு கிருத்திகை போயிற்று. அப்போதுதான் ஆராய்ச்சி மாணவி லோகப்பிரியா ஒருநாள் ஓடி வந்தாள்.

"அண்ணா, இருபத்தேழு நாளைக்கு ஒருக்கா பெரிய குமிழ் வருதுங்க! சூரியன் தன்னைத்தானே சுத்தறதும் நமக்கு இருபத்தேழு நாளாத் தெரியும். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குதுங்க!"

கண்ணெல்லாம் நீர். நாலு வருடமாக எதுவும் கிடைக்காமல் இளைத்துப்போயிருந்த பிள்ளை. கிருத்திகையும் இருபத்தேழு நாளைக்கு ஒருமுறைதான் வரும் அம்மணி என்று அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வருமா? "சந்தோசம் கண்ணு" என்றேன். கட்டுரை வெளியாயிற்று. ஜப்பானில் போய்ப் பேசிவிட்டு வந்தாள். எனக்கு ஒரு குடை வாங்கி வந்தாள். நல்ல குடை.

அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன் உதய். சோமனூர்க்காரன், அப்பாவுக்குத் தறிப் பட்டறை. யாரும் பார்க்காததைப் பார்க்கிற கண் அவனுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லோகப்பிரியாவின் கட்டுரையில் வந்த பதினான்கு இரவுப் படங்களையும் என் மேசையில் பரப்பினான். ஒவ்வொன்றிலும் கீழ்ப்பக்கம் மெல்லிய ஒரு கோடு இருந்தது. எரிகல் விழுந்த தடம்.

"ஏனுங்கண்ணா, ஒரே எரிகல்லு பதினாலு தடவை விழுமுங்களா?"

எல்லாவற்றையும் மாற்றிய நான் அந்த எரிகல்லைக் கவனிக்கவில்லை. என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா கண்ணு?"

"இல்லீங்கண்ணா. உங்களைக் கேக்காம எப்படீங்க?"

"நல்லது. யார்கிட்டயும் சொல்லிப்போடாதே. திங்கக்கிழமை நானே டைரக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தது. உதய்யின் கணினிக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே நான்தான், கடவுச்சொல் தெரியும். அதன் வழியே உள்ளே போய் அந்தப் பதினான்கு இரவுகளின் மூலப் பதிவுகளை அழித்தேன். அவன் வைத்திருந்த படங்களையும் அழித்தேன். அழித்தவர் பெயர் என்ற இடத்தில் உதய் என்று விழுந்தது. லோகப்பிரியாவின் பட்டத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. அவளுக்காகத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை அவன் டைரக்டர் முன்னால் நின்று, "தம்பிதுரையண்ணனுக்கு எல்லாம் தெரியுமுங்க, கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, சீனியர் லோகப்பிரியா மேல் பையனுக்குக் கொஞ்ச நாளாகவே பொறாமை என்றேன். பொறாமை என்ற சொல்லை அவர்களாகவே எழுதிக்கொண்டதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவனை நீக்கினார்கள். நிச்சயமான பெண் வீட்டாரும் பின்வாங்கிக்கொண்டார்கள். அவன் அப்பா இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்தார்.

"பையன் பொய் சொல்ல மாட்டானுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடுமுங்க."

உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். "வளர்க்கறப்பவே கண்டிச்சிருக்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனார். காபியைக் குடிக்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். வேறு ஊரில் ஆளே இல்லாமல் ஓடும் புது ராடார் வந்தது. ஒன்றரை வருடம் ஓடியும் அதில் இருபத்தேழு நாள் கணக்கு வரவே இல்லை. லோகப்பிரியா தன் பழைய தேதிகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு வீட்டில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவள் அம்மா எட்டிப் பார்த்து, பழைய காலண்டர்களையும் புரட்டிவிட்டு, "ஏன் அம்மணி, கிருத்திகையெல்லாம் எதுக்கு எழுதி வச்சிருக்கறே?" என்று கேட்டிருக்கிறார். ஒரு ராடார் நிலையமே கண்டுபிடிக்காததை ஒரு தினசரிக் காலண்டர் கண்டுபிடித்துவிட்டது. கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். தன் பட்டமே போனாலும் போகட்டும் என்று அவளே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் இத்தனை செய்து காப்பாற்றியதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. போகட்டும், சின்னப் பிள்ளை.

ஆக, பதிவை மாற்றியது நான். அழித்தது நான். பழியை உதய் மேல் போட்டதும் நான். மறைக்க ஒன்றும் இல்லை.

போன வாரம் அவனைச் சோமனூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தோளில் நூல் மூட்டை. தலைமுடியில் பஞ்சுத் தூசி. நானாகப் போய், "நல்லா இருக்கறயா கண்ணு?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வயதில் மூத்தவனிடம் இப்படி நடந்துகொண்டானே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: நான் அவனை மன்னித்துவிட்டேன்.