அரைகுறைச் சாட்சி

— இறங்குங்கன்னு எத்தனை தரம் சொல்றது? உள்ள ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சாச்சு.

— நீ போ. நான் வேன்லயே கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்.

— வீட்டுலேருந்து நடந்து வந்தோம், என் தம்பி கோயில் வாசல்ல சாவியோட நிறுத்தி வச்ச நம்ம வேனப் பாத்ததும் ஏறி உக்காந்துட்டீங்க. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே இருந்தா வண்டி தானா கோயிலுக்குள்ள போயிடுமா?

— கிண்டல் பண்ணாத. மனசு சரியில்ல.

— மனசு சரியில்லாதவங்களுக்குத்தானே கோயிலே கட்டி வச்சிருக்கு. என்ன விஷயம்?

— ஒண்ணுமில்ல.

— உங்க ஒண்ணுமில்ல எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமானதுலேருந்து சுமக்கிறேன். சொல்லுங்க.

— போன ஞாயிறு எழுந்து சாட்சி சொன்னேன்ல...

— சொன்னீங்க. "கர்த்தர் என்னக் கைவிடல, அவருக்கு ஸ்தோத்திரம்"னீங்க. சபையே கைதட்டுச்சு. பாஸ்டர் ஓடி வந்து கட்டிப் பிடிச்சாரு. டிரைவர் கண்ணு சுகமாயிடுச்சு, மறுபடி ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போவாருன்னு...

— அத நான் சொல்லவே இல்லடி.

— எத?

— கண்ணு சுகமாயிடுச்சுன்னு. பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியச் சொல்றதுக்குள்ள கைதட்டிட்டாங்க. பாஸ்டர் வேற கட்டிப் பிடிச்சிட்டாரா... வாயடைச்சுப் போச்சு. உக்காந்துட்டேன்.

— மீதி என்ன?

— அத விடு.

— ஏங்க, மீதி என்ன?

— ஆபரேஷன் பலிக்கல. வலது கண்ணு போனது போனதுதான். இடதும் போகப் போக மங்கிடுமாம். இனி வண்டியத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— எப்போ?

— அந்த ஞாயிறுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை. நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப.

— ஓஹோ! இவ்வளவு நாளா வயித்துக்குள்ளயே மூட்டை கட்டி வச்சிருந்தீங்களா? கண்ணுக்கு நல்லதுன்னு நானும் கேரட்ட அவிச்சு அவிச்சுப் போட்டேன். மாடு மாதிரி பேசாம மென்னீங்களே!

— கோபமா?

— அத அப்புறம் வச்சுக்கலாம். இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா எழுந்து ஸ்தோத்திரம் சொன்னீங்க?

— ஆமா.

— நாலு பேர் மெச்சணும்னா?

— ஐயோ, இல்ல. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து கர்த்தரோட சண்டை போட்டேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். குடிச்சிட்டு ஓட்டினேனா, ஒரு பிள்ளையத்தான் நடுரோட்டுல இறக்கி விட்டேனா, எடுத்துக்கிறதுக்கு என் கண்ணுதானா உமக்குக் கிடைச்சுதுன்னு...

— நல்லாக் கேட்டீங்க. அப்புறம்?

— அப்புறம்... அழுதுட்டேன். அந்தக் கண்ணு ரொம்ப காலமாவே கெட்டுக்கிட்டு இருந்துச்சாம். எனக்கே தெரியாதுடி. அரைப் பார்வையோட ஓட்டியிருக்கேன். மழையில, பனியில, லாரிங்களுக்கு நடுவுல... பின்னாடி வேன் நிறையப் பிள்ளைங்க. ஒண்ணுத்துக்கும் ஒரு கீறல்கூட இல்ல.

— கர்த்தரே!

— எல்லாம் என் கெட்டிக்காரத்தனம்னு மீசைய முறுக்கிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாத பக்கத்த எல்லாம் அவர் பாத்துக்கிட்டிருந்திருக்காரு. அத நெனச்சதும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஸ்தோத்திரம் சொல்லாம எப்படி இருக்கறது?

— அழாதீங்க. மருந்து போட்ட கண்ணு.

— நீயுந்தான் அழற.

— எனக்கு யாரும் மருந்து போடல. நான் அழலாம்.

— அண்ணே! அண்ணி! இன்னும் வேன்ல என்ன பண்றீங்க?

— வர்றோம் டீச்சர்.

— என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்க அண்ணனுக்காகப் புதுசா பாட்டு கத்துக்கிட்டு நிக்குதுங்க. "கண்ணு குடுத்த கர்த்தருக்கு நன்றி"ன்னு அட்டையில எழுதி வேற தூக்கிப் பிடிச்சிருக்குதுங்க. பாஸ்டர் உங்க சாட்சிக்குத்தான் காத்திருக்காரு.

— இதோ, நீங்க முன்னாடி போங்க டீச்சர், வந்துட்டோம்.

— கேட்டியா? அட்டையாம்! நான் எந்த முகத்தோட உள்ள போறது? அதுங்க ஜெபம் பண்ணிச்சு, கண்ணு வரலன்னு எப்படிச் சொல்றது? அதுங்க விசுவாசம் என்ன ஆவுறது?

— அப்போ, சுகமானாத்தான் கர்த்தர் நல்லவரு, இல்லன்னா இல்லன்னு பிள்ளைங்களுக்குக் கத்துக் குடுக்கப் போறீங்களா?

— அப்படிச் சொல்லுவேனா? பின்ன என்னதான் சொல்றது?

— இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. சண்டை போட்டதையும் சேர்த்து.

— சண்டையையுமா?

— அதத்தான் முதல்ல சொல்லணும். உள்ள உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேரு அவரோட சண்டை போட்டுட்டு வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் உக்காந்திருக்காங்க.

— பாஸ்டர் முகம் சுருங்கிடுமே.

— சுருங்கினா விரியும். மனுஷ முகந்தானே?

— ... சரி. சொல்லிடறேன். இத்தனை நாளா நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு. கண்ணு போச்சு, கர்த்தர் போகலன்னு நிமிர்ந்து நின்னு சொல்றேன். யாரு கைதட்டினாலும் சரி, தட்டாட்டியும் சரி, முழுசா முடிக்காம உக்கார மாட்டேன்.

— அப்படிச் சொல்லுங்க! இறங்குங்க.

— இரு. இன்னொண்ணும் இருக்கு... சாயங்காலம் ஒருத்தர் இந்த வேனப் பாக்க வர்றாரு.

— எதுக்கு?

— வாங்கத்தான். நான் படுத்ததுலேருந்து உன் தம்பிதான் பாவம், சொந்த வேலைய விட்டுட்டு ஓட்டினான். அவனும் நேத்தோட நின்னுட்டான்.

— விக்கக் கூடாது.

— பிடிவாதம் பிடிக்காத. வச்சுக்கிட்டு அழகு பாக்கவா?

— விக்கக் கூடாதுன்னா விக்கக் கூடாது. வர வேண்டாம்னு அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க.

— நாளைக்குக் காலையில பிள்ளைங்க தெருமுனையில வந்து நிக்கும். யாரு ஓட்டுவா, சொல்லு? வானத்துலேருந்து தூதன் இறங்கி வந்து கியர் போடுவானா?

— தூதன் எதுக்குங்க?

— பின்ன?

— ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டு, நம்பிக்கை ரொம்பக் கம்மிம்மா, மனசத் தேத்திக்கன்னு சொல்லிட்டாரு. நீங்களா சொல்ற தெம்பு வரட்டும்னுதான் வாயத் திறக்கல. மத்தியானம் மத்தியானம் ஜெபக் கூட்டம்னு கிளம்பிப் போனேன்ல... போனது டிரைவிங் ஸ்கூலுக்கு. ஜெபம்னு சொன்னதும் பொய்யில்ல, நான் கிளட்ச்ச விடும்போதெல்லாம் பக்கத்துல அந்த மாஸ்டர் கண்ண மூடிக்கிட்டு ஜெபம்தான் பண்ணாரு. வேன் ஓட்டற லைசென்ஸ் நேத்து கைக்கு வந்துடுச்சு. சாவிய இப்படிக் குடுத்துட்டு உள்ள வாங்க, இன்னிக்கு நம்ம வீட்டுலேருந்து ரெண்டு சாட்சி.