சோதிச்சுத்தான் குடுத்தனான்

எந்தச் சாமானையும் சோதிக்காமல் நான் திருப்பிக் குடுக்கிறேல்லை, சேர். இதை முதல் வரியா எழுதுங்கோ. புத்தூர்ச் சந்தியில நான் கடை போட்டுப் பதினொரு வருசம். ஒரு சார்ஜர் வயர் ஒட்டினாலும் அரை மணித்தியாலம் மேசையில ஓடவிட்டுப் பார்த்துத்தான் ஆளின்ரை கையில குடுப்பன். தேனுஜனிட்டைக் குடுத்தால் சாமான் திரும்பி வராது எண்டு சனம் சொல்லுறதுக்குக் காரணம் அதுதான். வேறை மந்திரம் ஒண்டுமில்லை.

பொலிஸ் எண்டு நீங்கள் என்னை வெருட்டேல்லை. குடிக்கப் பிளேன்ரீயும் தந்தனீங்கள். கண்ணாடிக் கிளாசில தந்தனீங்கள், கவனிச்சனான். ஆனபடியால் நானும் ஒளிப்பு மறைப்பில்லாமல் சொல்லுறன். அவசரப்படுத்தாதையுங்கோ. ஒழுங்காச் சொன்னால்தான் விளங்கும்.

எனக்கு ஊத்தையைக் கண்டால் அரியண்டம். சின்னனிலேயே அப்பிடித்தான். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தனான் எண்டு சில நேரம் யோசிப்பன். சனம் வெளியால மினுக்கித் துடைச்சுக்கொண்டு வாற லப்டொப்பைக் கழட்டிப் பார்த்தால் அண்டைக்குச் சோறு இறங்காது. தலைமயிர், வெட்டின நகம், காய்ஞ்ச சோத்துப் பருக்கை, எறும்புக் கூடு. ஒரு வாத்தியாரின்ரை மெசினுக்குள்ளை பல்லி முட்டை வெடிச்சு ஒட்டிக் கிடந்தது. நான் ஓங்காளிச்சு ஓங்காளிச்சுத் துடைச்சனான். அந்தாள் வந்து, என்ன தம்பி இவ்வளவு நேரமோ எண்டு கேட்டவர். சனத்தின்ரை ஊத்தை சனத்துக்குத் தெரியாது. கழட்டுறவனுக்குத்தான் தெரியும்.

கஜந்தினியை எனக்கு ஏ.எல். படிக்கேக்கையே தெரியும். ஒரே வகுப்பு. தகப்பன் பரமலிங்கம் மாஸ்டர், நீர்வேலியில வீடு, பின்னாலை வாழைத்தோட்டம். சுவிசில இருக்கிற மாமன் அனுப்பின லப்டொப்தான் அவ கொண்டு வந்தது. மேல் கீழ் எல்லாம் வெள்ளித் தகடு, நல்ல மெசின். அவுஸ்திரேலியாக் கம்பனி ஒண்டுக்கு வீட்டில இருந்தபடி கணக்கு வேலை செய்யிறா. மூண்டு மாதம் பார்த்துப் போட்டுத்தான் நிரந்தரமாக்குவினமாம்.

"மீற்றிங்குக்கு நடுவில கறுத்துப் போய்த் தானாத் திரும்பத் துவங்குது, தேனுஜன்," எண்டவ. "ஒருக்கா எச்சரிச்சுப் போட்டினம். இந்த வேலை போனால் எனக்கு வீட்டில வேறை கதை துவங்கிடும். கலியாணக் கதை."

உப்பிடி நிண்டு நிண்டு ஓடுற மெசினுக்கு ஒரு ஒழுங்கிருக்கு, சேர். முதல் சூடு பார்க்கவேணும். பிறகு றாம். பிறகு சார்ஜர், பற்றறி. கடைசியாத்தான் மதர்போட்டில கை வைக்கிறது. நான் ஃபானைக் கழட்டித் தூசி தட்டி, பசை மாத்திப் பூசி, நாலு மணித்தியாலம் படம் ஓடவிட்டனான். ஒருக்காலும் நிக்கேல்லை. கஜந்தினி கடையில நிண்டு தேத்தண்ணி குடிச்சவ. என்ரை வெள்ளைக் கப்பில, முழுக்கக் குடிச்சவ. போன பிறகு கப்பை எடுத்துப் பார்த்தனான். அடி தெரிஞ்சது.

எட்டாம் நாள் திரும்பி வந்தா. அதே பிழை. றாமை மாத்திக் குடுத்தனான். பேந்தும் ஒரு கிழமையில வந்து நிக்கிறா. முகம் வாடிப் போச்சுது. என்ரை கடையில ஒரு பகல் முழுக்க ஓடுற மெசின், அவையின்ரை வீட்டுக்குப் போனால் படுக்குது. அப்ப வீட்டுக் கரண்டில பிழையிருக்கோ எண்டு பார்க்கத்தான் நான் நீர்வேலிக்குப் போனனான்.

கேற்றடியில நிண்டு கூப்பிட, தாய் வந்தவ. பத்மாவதி அம்மா. மாமரத்துக்குக் கீழ ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் காட்டினா. வீட்டுக்குள்ளை பிளக் பொயின்ரைச் சோதிக்கவேணும் எண்டு சொன்னனான். அவ உள்ளை போனா. கொஞ்ச நேரத்தால யன்னலுக்குள்ளாலை ஒரு எக்ஸ்ரென்சன் வயர் வெளியில வந்தது. மரத்துக்குக் கீழ இருந்தே சோதிச்சனான். கரண்டில பிழையில்லை. ஆனால் வெளிச்சுவரில, கரண்ட் கசிஞ்சால் தானா விழுகிற ட்ரிப் சுவிச்சை மாஸ்டர் விழவிடாமல் வயர் போட்டுக் கட்டி வைச்சிருந்தவர். மழைக்கு அடிக்கடி விழுகுதாம். அதையும் பார்த்து வைச்சனான். தேத்தண்ணி கடதாசிக் கப்பில வந்தது. கஜந்தினி உள்ளை போனில வேலையா இருந்தவ, வெளியில வரேல்லை.

நீங்கள் காலமை என்னட்டை, புத்தூரில எந்தப் பக்கம் எண்டு கேட்டனீங்கள். குளத்தடிப் பக்கம் எண்டு சொன்னனான். பிறகு நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. பத்மாவதி அம்மாவும் முதல் நாள் அதைத்தான் கேட்டவ, அதுக்குப் பிறகு அவவும் ஒண்டும் கேக்கேல்லை. என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டதும் இல்லை.

மூண்டாந்தரம் முழு மெசினையும் பிரிச்சனான். கீபோட்டுக்கு அடியில போட் முழுக்க மஞ்சள் படை. பச்சை பிடிச்சுப் பூத்துப் போயிருந்தது. முதல் ரெண்டு தரமும் பின் மூடியை மட்டும் திறந்தபடியால் காணேல்லை. கறிக் குழம்போ எண்டு நினைச்சு மூக்குக்குக் கிட்டப் பிடிச்சனான். மஞ்சள். அதோடை இன்னொரு மணம். ஓடிப் போய்ப் பின்னுக்குச் சத்தி எடுத்தனான்.

கஜந்தினிக்குப் போன் பண்ணி, தண்ணி ஏதும் ஊத்துப்பட்டதோ எண்டு கேட்டன். "தண்ணியோ? நான் போத்தில்கூடக் கிட்ட வைக்கிறேல்லை," எண்டவ. அவவுக்குத் தெரியாது. குரலில விளங்கினது.

பல் பிரஷ்சும் ஸ்பிறிற்றும் போட்டு ஒரு நாள் முழுக்க உரஞ்சித் துடைச்சு, ஓடவிட்டுப் பார்த்துப்போட்டு, நானே கொண்டு போய்க் குடுத்தனான். கஜந்தினி யாழ்ப்பாணம் போயிருந்தவ. தாய் ஸ்ரூலைக் காட்டி, "உதிலை வை," எண்டா. வைச்சிட்டு, கதிரையில இருந்து கடதாசிக் கப்புத் தேத்தண்ணியையும் குடிச்சிட்டு வெளிக்கிட்டன். வாழைத்தோட்ட மூலை திரும்பேக்கைதான் ஹெல்மெற்றைக் கதிரையில விட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கேற்றடியில நிண்டிட்டன்.

ஒரு செம்பு. அதுக்குள்ளை மாவிலை. பத்மாவதி அம்மா அதைத் தோய்ச்சுத் தோய்ச்சு லப்டொப்புக்கு மேலை தெளிச்சுக்கொண்டு நிண்டா. மூடியைத் திறந்து, கீபோட்டிலையும் தெளிச்சா. துடக்கு வீட்டுக்குத் தீட்டுக் கழிக்கத் தெளிக்கிற மாதிரி. மஞ்சளும் கோசலமும். கோசலம் எண்டு மரியாதையாச் சொல்லுவினம், சேர், மாட்டு மூத்திரம்தான். அவவுக்குக் கோபம் ஒண்டும் இல்லை. வாய்க்குள்ளை தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. தெளிச்சு முடிச்சு, பழஞ்சீலைத் துண்டால ஒற்றித் துடைச்சா. பிறகு நான் குடிச்ச கடதாசிக் கப்பை ஒரு ஈர்க்கால குத்தித் தூக்கி வாழையடியில எறிஞ்சா. கதிரைக்கு ஒரு வாளி தண்ணி ஊத்தினா. ஹெல்மெற்றுக்கும் சேர்த்துத்தான் ஊத்துப்பட்டது.

அவ உள்ளை போகும் மட்டும் நிண்டிட்டு ஈர ஹெல்மெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தனான்.

பிழையைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்கடை தொழிலில பெரிய பாதி. சூடில்லை, றாமில்லை, கரண்டில்லை. நான் தொட்டதுதான் பிழை. நான் திருத்திக் குடுக்கக் குடுக்கத்தான் அது பழுதாகினது. என்னட்டை முதல் தரம் வாறதுக்கு முன்னம், மாஸ்டரின்ரை பிரிண்டரைத் திருத்தப் போன எங்கடை குளத்தடிப் பக்கத்துப் பொடியன் அந்த லப்டொப்பையும் தொட்டிருக்கிறான், அதுவும் பிறகு தெரிய வந்தது. மாட்டு மூத்திரத்தை மெசினுக்கு வாக்கிற சனத்துக்கு நான் ஊத்தை. அதைத்தான் என்னால செமிக்கேலாமல் போனது. நான் கடை மேசையை நாளுக்கு மூண்டு தரம் ஸ்பிறிற் போட்டுத் துடைக்கிறவன்.

நாலாந்தரம் கஜந்தினி அழுதுகொண்டு வந்தா. திங்கக்கிழமை கடைசி மீற்றிங், அதில மெசின் நிண்டால் வேலை முடிஞ்சுதாம். நான் ஆறுதல் சொன்னனான். வேறை போட் எடுப்பிச்சு மாத்தினன். அந்த லப்டொப் இப்ப புதுசு மாதிரி ஓடும், நீங்கள் வேணுமெண்டால் வேறை சார்ஜரில போட்டுப் பாருங்கோ. அந்த வேலையில ஒரு குறையும் சொல்லேலாது.

சார்ஜரிலதான் கை வைச்சனான். என்ன செய்தது எண்டு விபரமாச் சொல்லமாட்டன். எழுதினால் ஆரும் பார்த்துச் செய்வினம், அது எனக்கு விருப்பமில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி வீட்டுக் கரண்ட் தகட்டுக்கு வராமல் மறிக்கவேணும். இது மறிக்காது. அவ்வளவும் போதும்.

ஆனால் ஒண்டு, இதை வடிவா எழுதுங்கோ. நான் ஆரையும் கொல்ல நினைக்கேல்லை. தெளிக்கிற கை ஈரமாயிருக்கும். ஈரக்கை தகட்டில பட்டால்தான் வில்லங்கம். செம்பு எடுக்காட்டி ஒண்டும் நடக்காது. தீர்ப்பை நான் பத்மாவதி அம்மாவின்ரை கையிலதான் விட்டனான். பற்றறி இறங்கிக் கிடக்கு, கொண்டு போன உடனை சார்ஜில போடுங்கோ எண்டு மட்டும் சொல்லிவிட்டனான். கஜந்தினிதான் வந்து எடுத்தவ. கப்பில ஊத்தி வைச்ச தேத்தண்ணியைக் குடிக்கேல்லை. போகேக்கை ஏதோ கதைச்சவ. பஸ் ஒண்டு போனது, வடிவாக் கேக்கேல்லை.

திங்கள் விடிய ஆறரைக்கு மீற்றிங். கஜந்தினி சார்ஜர் கொழுவிக் கிடந்த மெசினின்ரை தகட்டில கை வைச்சிருக்கிறா. இழுக்கப் போன தாயையும் கரண்ட் தூக்கி எறிஞ்சதாம், தாய் தப்பீட்டா, மகள் தப்பேல்லை. ட்ரிப் சுவிச் விழேல்லை. அதை நான் கட்டேல்லை, மாஸ்டர் கட்டினவர்.

இப்ப நீங்கள் சொல்லுறியள், அந்த மெசினுக்குள்ளை ஒரு சொட்டு ஈரமும் இல்லையெண்டு. மேசையிலையும் இல்லை, நிலத்திலையும் இல்லை. சத்தம் கேட்டு ஓடி வரும் மட்டும் தாய் அந்த அறைப் பக்கமே போகேல்லையாம், லப்டொப் வந்ததிலை இருந்து மகள் வெளியில வரேக்கையெல்லாம் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில சொருகி வைச்சிருந்தவவாம்.

சரி. அப்ப அந்தப் பஸ் கதையை வெட்டிவிடுங்கோ. பஸ் ஒண்டும் போகேல்லை.

அவ சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. "லப்டொப் வரப்போகுதெண்டு அம்மா செம்பில கோசலம் கரைச்சு வைச்சதை நேற்றுத்தான் கண்டனான். செம்பைப் பறிச்சு எறிஞ்சு போட்டன். இனி அவ கிட்டவும் வரமாட்டா. எனக்கு உம்மைப் பார்க்க வெக்கமா இருக்கு, தேனுஜன். எங்களை மன்னிச்சுக்கொள்ளும்." கண் கலங்கி நிண்டவ.

தாய் தெளிச்ச அந்த மஞ்சள் படையை மணந்து சத்தி எடுத்தனான் எண்டு சொன்னனான். இது அதைவிட மோசம், சேர். தெளிச்சவ என்னை நிமிர்ந்தும் பார்க்கேல்லை. இவ பார்த்தா. வழியில அடிபட்டுக் கிடக்கிற நாயைப் பார்க்கிற மாதிரிப் பாவமாப் பார்த்தா. பதினொரு வருசமா நான் துடைச்சு வைச்ச கடைக்குள்ளை நிண்டு, நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியை ஆறவிட்டுப்போட்டு, எனக்காக அழுகிறா. உடம்பெல்லாம் ஊருற மாதிரி இருந்தது. பரவாயில்லை எண்டு சொன்னன். சார்ஜரை வடிவாச் சுத்தி, றப்பர் பாண்ட் போட்டு, கையில குடுத்தன். அவ போன பிறகு கப்பைக் கழுவினன்.

நீங்கள் கடைசியாக் கேக்கிறது, ஈரமில்லாட்டி ஒண்டும் நடக்காதெண்டு நான் உண்மையா நம்பினனோ எண்டு. நான் முதலே சொன்னனான், நீங்களும் எழுதியிருக்கிறியள். சோதிக்காமல் நான் ஒண்டும் குடுக்கிறேல்லை. அண்டைக்கும் மேசையைத் துடைச்சு, கையைத் துடைச்சு, அந்தச் சார்ஜரைக் கொழுவி, காய்ஞ்ச தகட்டில கரண்ட் பார்க்கிற ரெஸ்ரரை வைச்சுப் பார்த்தனான். லைற் வடிவா எரிஞ்சது.