ஓடாத டிப்பர்

கை நடுங்கலங்கிறேன்ல ஹம்ஸா இக்கா! நடுக்கத்தத் தாங்குற லென்ஸ் எனக்கு எதுக்கு? அது என் கைய அடக்கும், டிப்பர் லாரிய அடக்குமா? ஓடுறது அவன். போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, பயத்துல கை ஆடிருச்சு மோளேன்னு எனக்கு டீ வாங்கித் தர்றாங்க.

சிரிக்காதீங்க. பள்ளிக்கூட நேரத்துல டிப்பர் ஓடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா இல்லையா? எங்க ஹாஸ்டல் வாசல்ல தெனம் காலைல குவாரிக் கல்லோட பறக்குறான். போன மாசம் ரோட்டக் கடக்குற கோட்டுல வச்சே என் ரூம்மேட் அனுஷ்மாவ... ம்ம், அதே வண்டிதான். வண்டி மெதுவாத்தான் வந்துச்சாம், இவதான் ஓடிப் போய் விழுந்தாளாம். ஸ்டேஷன்ல அப்படியே எழுதிக் கேஸ மூடிட்டாங்க.

சும்மா விடுவேனா? அவன் வர்ற வேகத்த போன்ல எடுத்தேன். மழ இருட்டு. மஞ்சளா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இதுல நம்பர் எங்கேன்னாங்க.

அதுக்குத்தானே போன வாரம் உங்ககிட்ட கேமராவும் அந்தப் பெரிய வாய் லென்ஸும் வாடகைக்கு வாங்கிட்டுப் போனேன்! ஷட்டர் செகண்டுல ரெண்டாயிரத்துல ஒண்ணு, ஓடுறது அப்படியே உறைஞ்சு நிக்கும். ஆமா, படம் புள்ளி புள்ளியா விழுந்துச்சு, விழட்டுமே. நம்பர் பளிச்சுன்னு இருக்கு. டிரைவர் மீசைய எண்ணலாம், டயர் நட்ட எண்ணலாம். இன்ஸ்பெக்டர் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டுச் சொல்றாரு, வண்டி நல்லா நின்னுட்டுத்தானே இருக்குன்னு!

வீடியோவும் காட்டினேன் இக்கா. நான்தான் அத வேகமா ஓட விட்ருக்கேனாம். நேரத்தக் காட்டினா, கேமரா கடிகாரத்த யாரு வேணா மாத்தலாமாம். மங்கலா இருந்தா வண்டி யாருதுன்னு தெரியல, தெளிவா இருந்தா வண்டி ஓடவே இல்ல. இவங்களோட எந்தப் படத்த வச்சுப் பேசுறது?

யோசிச்சுட்டேன். படத்துல வண்டி மட்டும் இருந்தா பத்தாது.

அதே கேமரா, அதே லென்ஸ் போதும். கூட ஒரு ஸ்டாண்டும், தூரத்துல இருந்து அமுக்குற ரிமோட்டும் குடுங்க. விடாம எடுத்துட்டே இருக்கணும்.

கேமராவுக்குப் பின்னாடி யாரா? யாரும் இல்ல. நான் கோட்டு மேல நிப்பேன். ஏன் எந்திரிக்கிறீங்க? காலேஜ் போற பொண்ணு ரோட்டக் கடக்கக் கூடாதா? அவன் மெதுவாத்தான் வர்றான்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே, அப்ப நின்னுருவான்ல?

ரசீது என் பேருக்கு வேண்டாம், பக்கத்து ரூம் நிஹாலா பேருக்குப் போடுங்க. கேமராவக் கொண்டாந்து தர்றது அவதான்.