ரெண்டு நிமிஷம், டீச்சர்

நீலகிரியில் எமரால்டு பக்கம் பனிக்காலத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பவன் ஒன்று கேரட் பிடுங்குகிறவனாக இருக்க வேண்டும், இல்லை மெக்கானிக்காக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். கேரட் பிடுங்குகிறவர்களை யாரும் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பதில்லை. அந்த வகையில் என் தொழில் ஒரு படி உசத்தி. எழுதிக்கொள்ளுங்கள் சார், நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் வேலுமணி. வயது நாற்பத்திரண்டு. பஜாரில் ஒரு தகரக் கொட்டகை என்னுடையது. கல்யாணம் ஆகவில்லை. ஏழு வீட்டில் பெண் பார்த்தோம். ஏழிலும் பஜ்ஜி நன்றாக இருந்தது.

மோசஸ் சார் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஜெஸிந்தா டீச்சர் எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். என் நிலைமைக்கு அவர் பொறுப்பல்ல. புகார் கொடுத்திருக்கிற கெஸியா அவர்களுடைய மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில் சாருடைய வெள்ளைக் கார் குளிரில் உதற ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருகினால் இருமும், குலுங்கும், அணைந்துவிடும். பத்துத் தடவை கெஞ்சி ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தங்கமான பிள்ளை. கொட்டகைக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமே தெரியாது. இந்த வியாதியை விடிகாலையில் அதன் வீட்டுக்கே போய், யாரும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்பு. அதனால் தினமும் போனேன்.

“வாங்க டாக்டர். பேஷன்ட் ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கினான். நீங்க வந்ததும் இருமுவான் பாருங்க” என்பார் சார்.

“அவன வம்பிழுக்காம உடுங்க. வேலு, மொதல்ல ரொட்டியத் தின்னுப்பா” என்பார் டீச்சர்.

பிளக் பார்த்தேன், காயில் மாற்றினேன். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டேன். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ஒரு சென்சார், கட்டைவிரல் பருமன்தான். அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, இது ‘இன்ஜின் கொதிக்கிறது’ என்கிறது. கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஊட்டிக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்தேன்.

மாட்டப் போகிற காலையில் சார் சொன்னார்: “சட்டுனு பொழைக்க வைங்க டாக்டர். கெஸியா மேல்மாடியக் காலி பண்ணி வெச்சிருக்கா. இந்த வண்டியிலயே கீழ இறங்கிடலாம்னு இருக்கோம். கோளாறு வண்டியப் புள்ள வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினா மருமகன் சிரிப்பான்.”

“இன்னும் கொஞ்சம் பாக்கோணுங்க சார்” என்றேன்.

இதோ அந்தப் புது சென்சார். பதினான்கு மாதமாக இந்த ஜெர்கின் பாக்கெட்டில்தான் இருக்கிறது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, பாருங்கள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. பேட்டரி மாற்றினேன், பெட்ரோல் டேங்க்கைக் கழுவினேன், நன்றாக இருந்த பம்ப்பைக் கழற்றி இன்னும் நன்றாக மாட்டினேன். கூலி வாங்கவில்லை. புகாரில் அது விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவலி மாத்திரையே தேடி எடுக்கத் தெரியாத அந்த இரண்டு பேரை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நான் கொஞ்சம் இளகின மனசுக்காரன். கொட்டகை நாய்க்குக்கூட அது தெரியும்.

ஜனவரி பதினேழாம் தேதி. ஐந்தே முக்காலுக்கு டீச்சர் கூப்பிட்டார். “வேலு, அவருக்கு நெஞ்சு வலிக்குதாம்ப்பா. வண்டி எடுக்க மாட்டேங்குது.”

108-க்கு முன்னால் என் நம்பரை அழுத்தியிருக்கிறார். பதினான்கு மாதப் பழக்கம். ஆறு நிமிடத்தில் போய்விட்டேன். சார் பின்சீட்டில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை.

“டாக்டர் வந்தாச்சு. எந்தப் பேஷன்ட்ட மொதல்ல பாக்கறீங்க?” என்றார்.

சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினால் போதும். சேதி எதுவும் வராவிட்டால் கம்ப்யூட்டர் குளிர் என்றே எடுத்துக்கொள்ளும், பெட்ரோலைத் தாராளமாக விடும், வண்டி கிளம்பிவிடும். இரண்டு விநாடி வேலை. ஆனால் டீச்சர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றார். பதினான்கு மாதமாகக் கண்டுபிடிக்காததை இரண்டு விநாடியில் பிடுங்கினால் என்ன நினைப்பார்? கணக்கு டீச்சர், கூட்டிக் கழித்துவிடுவார். மனிதனுக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஆகவே முறைப்படி ஆரம்பித்தேன். முதல் பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். அப்புறம் இரண்டாவது.

“ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமாப்பா?”

“ரெண்டு நிமிஷம், டீச்சர்.”

இதை அவர் மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். நாலாவது பிளக்கும் முடிந்த பிறகுதான் சுடுதண்ணீர் கொண்டுவர அவரை உள்ளே அனுப்பலாம் என்று தோன்றியது. எனக்கு யோசனை எப்போதும் தாமதம். அவர் திரும்புவதற்குள் கனெக்டரைப் பிடுங்கிச் சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. “தம்பி கை வெச்சா வெச்சதுதான்” என்று டீச்சர் அழுதுகொண்டே சொன்னார்.

வண்டி கிளம்ப மொத்தம் இருபத்தைந்து நிமிடம். நானே ஓட்டினேன். ஒரு உதறல் இல்லை. ஊட்டி வழியில் முத்தோரை பாலாடா தாண்டும்போது சார் பேச்சை நிறுத்திவிட்டார். ஊட்டியில் டாக்டர், நிஜ டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா” என்றார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்தக் கனெக்டரைத் திரும்பச் சொருகியது நான்தான். அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலில், உள்ளே ஆஸ்பத்திரி ஆட்கள் சாரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது. அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலை டீச்சர் போன் பண்ணினார்: “வேலு, கெஸியாவோட கீழ போகலாம்னு பாத்தா வண்டி மறுபடி உதறுதுப்பா.” சட்டையைக்கூட மாற்றாமல் ஓடினேன் சார். அந்த மாதிரி நேரத்தில் ஒரு குடும்பத்தைக் கைவிட்டுவிட்டு இருக்க நான் என்ன கல்நெஞ்சுக்காரனா?