கறுப்பு வண்டிக்கு ஒரு சீலண்ட்

— முதல்ல வண்டிய ரோட்டுக்கு எடுங்க. பேச்செல்லாம் அப்புறம். வாசல்ல நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

— எடுக்குறேன் முதலாளி. ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன். வேக்ஸ் வேண்டாம். பெயிண்ட் மேல பூசுற சீலண்ட்தான் வேணும். ஒரு வருஷம் தாங்குறது. போட்டுத் தருவீங்களா, மாட்டீங்களா?

— நான் கேக்குறேன், இது பாலிஷ் கடையா, சுடுகாடா? உள்ள மூணு கஸ்டமர் வண்டி நிக்குது. ஒண்ணு நேத்துதான் ஷோரூம்லேர்ந்து வந்தது. அது பக்கத்துல உங்க பிண வண்டிய நிறுத்தினா நாளைக்கு எவன் வருவான் என் கடைக்கு?

— உள்ள பிணம் ஒண்ணும் இல்ல முதலாளி. கதவத் திறந்து காட்டட்டுமா?

— ஐயையோ, திறந்து தொலைக்காதீங்க! டாக்டரம்மா, நீங்க உள்ள போய் உக்காருங்க. உங்க வண்டி பத்து நிமிஷத்துல ரெடி. இந்த ஆள அனுப்பிட்டு வந்துடறேன்.

— பரவாயில்ல ஓனர் சார். நான் பல் டாக்டர், கத்தல் கேட்டுப் பழக்கம்தான். ஒரே ஒரு கேள்வி. அவர் காசு குடுக்கமாட்டேன்னா சொல்றார்?

— காசா டாக்டரம்மா? முழுசா கையில வச்சிருக்கேன், எண்ணிப் பாத்துக்கட்டும். ஆபீஸ் காசுகூட இல்ல, என் சொந்தக் காசு. வேலையத்தான் கேக்குறேன், பிச்சையா கேக்குறேன்?

— அப்ப எனக்குப் போடுற அதே வேக்ஸ அவருக்கும் போட்டு அனுப்பிடுங்களேன் சார். ஒரு மணி நேர வேலைதானே? கண்ணாடி மாதிரி இருக்கே என் வண்டி.

— உங்களுக்கு அது சரி டாக்டரம்மா. வேக்ஸ் மூணு மாசம் வரும். அப்புறம் மறுபடி வருவீங்க. ஃபேன் போடுவாங்க, காபி குடுப்பாங்க, புக்கு படிச்சுட்டு உக்காந்திருப்பீங்க. நான் வருஷத்துக்கு நாலு தடவை வந்தா நாலு தடவையும் இந்த மனுஷன்கிட்ட வாங்கிக் கட்டிக்கணும். நியாயத்தச் சொல்லுங்க.

— என்னய்யா பெரிய நியாயம்? தொழில் தெரிஞ்சு பேசு. ஒரு வருஷம்னு டப்பாவுல போட்டிருக்கிறதெல்லாம் நிழல்ல நிக்கிற வண்டிக்கு. உன் வண்டி எங்க நிக்குது?

— ஆஸ்பத்திரிக்குப் பின்னால, மரத்தடியில. மேல காக்கா, கீழ புழுதி. மத்தியானத்துக்கு மேல நல்ல வெயில்.

— அப்புறம் என்ன? ஆறு மாசம் தாங்கினாலே பெருசு. ஏழாவது மாசம் நீயே வந்து, ஓனர் ஏமாத்திட்டான்னு ஊரக் கூட்டுவ. இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு நோய். உள்ள வரும்போதே, எத்தனை மாசம் தாங்கும், எத்தனை மாசம் தாங்கும். ஒழுங்கா கழுவினாத்தான்யா எதுவும் தாங்கும். வாரம் ஒரு தடவை வாளியும் துணியும் எடுத்துட்டு இறங்கு, சாதா வேக்ஸே போதும்.

— எங்க இறங்கட்டும்? நீங்களே சொல்லுங்க முதலாளி, எங்க இறங்கட்டும்? ஆஸ்பத்திரிக் குழாய்கிட்ட போனா வாட்ச்மேன் விரட்டுறார். ஜன்னல் வழியா நோயாளிங்க பாத்துட்டு பயப்படுறாங்களாம். சரின்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, தெருவே கூடி நிக்குது, யாரு போயிட்டாங்கன்னு. கீழ் வீட்டு அம்மா என் பொண்டாட்டியக் கூப்பிட்டு, 'அந்த வண்டி இன்னொரு தடவை வந்தா வீட்டக் காலி பண்ணிடுங்க'ன்னுட்டாங்க. டயருக்குக் காத்து அடிக்கிறவன்கூட நாலு டயரையும் முடிக்கிறதில்ல, மூணோட போதும் போங்கறான்!

— ஐயோ, மூணு டயரோடயா?

— சிரிக்காதீங்க டாக்டரம்மா, நிஜமா. அதனாலதான் சீலண்ட் கேக்குறேன். அது போட்டா புழுதி அவ்ளோவா பிடிக்காதாம், ஒரு நல்ல மழை பெஞ்சா பாதி அழுக்கு தானா போயிடுமாம். ஒரு வருஷம் வேண்டாம், ஆறு மாசமே தாங்கட்டும். ஒரே ஒரு தடவை உள்ள விடுங்க முதலாளி. ஆறு மாசத்துக்கு உங்க கண்ணுல படமாட்டேன்.

— பாத்தீங்களா சார்? எனக்கு எத்தனை நாள் தாங்குதுங்கிறது ஒரு விஷயமே இல்ல. நினைச்சப்ப வரலாம். இவர உள்ளயே விடமாட்டேங்கிறீங்க, அப்புறம் இவர் தாங்குறதத்தானே கேப்பார்?

— நீங்க வேற, அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்காதீங்க டாக்டரம்மா. நான் கேக்குறேன், இந்த வண்டிக்கு எதுக்குய்யா பளபளப்பு? உள்ள படுத்திருக்கிறவர் எழுந்து பாக்கப் போறாரா?

— அவர் பாக்கமாட்டார் முதலாளி. கூட வர்றவங்க பாப்பாங்க. ஸ்ட்ரெச்சர் பக்கம் பாக்க மனசு வராது. வண்டிக் கதவையே பாத்துட்டு நிப்பாங்க. கால் தள்ளாடினா இந்த வண்டிமேலதான் கை வச்சு சாய்வாங்க. எடுத்தா உள்ளங்கை பூரா அழுக்கு. அந்தக் கையாலயே மூஞ்சியத் துடைச்சுக்குவாங்க. போன வாரம் ஒரு பொண்ணு, பத்து வயசுகூட இருக்காது. கன்னத்துல ரெண்டு பக்கமும் கறுப்புக் கோடு. நான் ஓட்டுற வண்டியோட அழுக்கு அது. வெக்கமா இருந்துச்சு. சோறு இறங்கல அன்னைக்கு.

— ஓனர் சார், பின்பக்கம் ஒரு ஷெட் இருக்கே. அங்க விட்டு...

— ஷெட்ல சாமான் இருக்கு.

— சாமான எடுத்து வைக்க நானே கை குடுக்குறேன் முதலாளி. இன்னைக்கு முடிஞ்சாகணும். ஆபீஸ்ல என்மேல ஏற்கெனவே ஒரு கம்ப்ளெயின்ட். வண்டி அசிங்கமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னொண்ணு வந்தா சாவிய மேசைமேல வச்சுட்டுக் கிளம்புன்னுட்டார் மேனேஜர். பதினோரு வருஷமா ஓட்டுறேன். இத விட்டா எனக்கு எவன் வேலை குடுப்பான்? என்ன ஓட்டினேன்னு கேட்ட உடனே ரெண்டடி பின்னால போறாங்க.

— எழுதினவன் சரியாத்தான்யா எழுதியிருக்கான்! உங்க ஆளுங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? எங்க அம்மாவுக்கு வந்துச்சே ஒரு வண்டி! என் வாயக் கிளறாத, சொல்லிட்டேன்.

— அம்மா தவறிட்டாங்களா சார்? எனக்குத் தெரியவே தெரியாதே. எப்ப?

— நாலு மாசம் ஆச்சு டாக்டரம்மா. மத்தியானம் சாப்பிட்டுட்டு, கொஞ்சம் படுக்குறேன்னாங்க. அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், உயிர் இல்லன்னுட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுபோக சாயங்காலம் ஒரு வண்டி வந்து நிக்குது. கதவுல விரல வச்சு இழுத்தேன், கோடு விழுது! எங்க அம்மா யாரு? இந்தக் கடையிலேர்ந்து எந்த வண்டி வெளிய போனாலும் ஒரு சுத்து சுத்தி வந்து பாப்பாங்க. ஒரு சொட்டுத் தண்ணி காஞ்ச தடம் இருந்தாலும் விடமாட்டாங்க, மறுபடி துடைன்னு நிப்பாங்க. அவங்கள அந்தக் குப்பை வண்டியிலயா ஏத்துவேன்? நான் கேக்குறேன், ஏத்துவேனா?

— என்ன பண்ணீங்க?

— டிரைவர் சட்டையப் பிடிச்சுட்டேன். எடுடா வண்டியன்னு துரத்திவிட்டேன். அடுத்த வண்டி வர்றதுக்கு ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடக்க, போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறான். என்னால தாங்க முடியல டாக்டரம்மா. மறுநாளே அவங்க ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தேன். சும்மா விடுவேனா?

— அந்த டிரைவர் யாருன்னு ஞாபகம் இருக்கா சார்?

— அழுத கண்ணுக்கு எவன் மூஞ்சி தெரியும்? மாஸ்க் வேற போட்டிருந்தான். ஆனா என்னைக்காவது கையில கிடைப்பான். கிடைச்சா விடமாட்டேன். ஏன்டா, ஒரு வாளித் தண்ணி, ஒரே ஒரு வாளி, அத ஊத்திட்டு வர உனக்கு என்னடா கேடுன்னு கேப்பேன்.

— கேளுங்க முதலாளி.

— என்னத்தக் கேக்குறது?

— இப்பவே கேளுங்க. நான்தான் அது. அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு, பாலிஷ் எதுவும் வேண்டாம், ஒரு வாளித் தண்ணி மட்டும் ஊத்திக்கிறேன்னு இதே வாசல்ல வந்து நின்னேன். உள்ளேர்ந்து எட்டிக்கூடப் பாக்காம, 'காலங்காத்தால சாவு வண்டியா, குழாய மூடுங்கடா'ன்னு கத்தினது நீங்கதான்.