பதின்மூன்றுக்குக் கீழே

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரை போதும். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் வல்லிபுரம். கிள்ளானில் வேலை பார்த்தபோது, கப்பல் தீயில் வெந்த ஆறு மாலுமிகளுக்கு வைத்தியம் செய்தேன். கடைசி ஆள் சாக நான்கு நாள் ஆனது. நீர்மூழ்கிக் கப்பலில் தீப்பிடித்தால் ஓட இடமே இல்லை. காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டால் தீ பிடிக்காது. மனிதன் எதுவரை தாங்குவான் என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் பெட்டாலிங் ஜெயாவில் அந்த இரும்பு அறை.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம். பதின்மூன்றுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது விதி.

1986 மார்ச்சில் ஜெஞ்சாரோம் லோரி ஓட்டுநர் கன்னையா சோதனைக்கு வந்தார். மனைவி மாரியாயி வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

“கதவு உள்ளேருந்து தொறக்காதா டாக்டர்?”

“நீங்க சொன்னா உடனே தொறந்துடுவேன்லா.”

பதின்மூன்றில் பிழையில்லாமல் கணக்குப் போட்டார். அதனால் பத்துக்கு இறக்கினேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பயத்தில் நாடி ஏறி அளவு கெட்டுவிடும். எட்டில், பெயரை எழுதச் சொன்னேன். பாதிப் பெயர்தான் வந்தது. நகங்கள் நீலமாகியிருந்தன.

“டாக்டர், பயமா இருக்கு. கதவத் தொறங்க.”

கைப்பிடியில் கை வைத்தேன். திறந்தால் காலையிலிருந்து செய்ததெல்லாம் வீண். “இன்னும் ரெண்டு நிமிஷம்” என்றேன். கதவுக் கண்ணாடியை ஏழு முறை தட்டினார். குறித்து வைத்திருக்கிறேன்.

மாரடைப்பு என்று மாரியாயியிடம் சொன்னேன்.

“யாரோ தட்டுன சத்தம் கேட்டுச்சே டாக்டர்?”

குழாய்ச் சத்தம் என்றேன். நம்பினாரா, தெரியாது.

ஒரே ஆளை வைத்து முடிவு எழுத முடியாது. இரண்டு வாரம் கழித்து கன்னையாவின் தம்பி சின்னையா வந்து, அண்ணன் இறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அது என் தவறு. முதலிலிருந்தே கதறிக்கொண்டிருந்ததால் அந்த அளவுகளும் உதவவில்லை.

சாகும்போது இருவருக்கும் வலித்திருக்காது. அதை உறுதியாகச் சொல்வேன்.

நான் ஒருமுறையாவது உள்ளே உட்கார்ந்து பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. மூடிய அறை என்றால் எனக்குப் பயம்.